இரண்டாவது ஆள்

ஒன்று பத்துக்கு எல்லோரும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். ரெஜினா மட்டும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை என்று சொன்னால்தான் சரி. திரையின் வலது ஓரத்தில், சாதாரணமாக யாருடைய கண்ணும் போகாத இடத்தில், பொடி எழுத்தில் ஓர் எண் இருந்தது: 4417. அந்த எண் அவளுடையது. ஜூன் மாதம்வரை அவளுடையது. காண்ட்ராக்டில் இருந்தவளை நிரந்தரம் ஆக்கியபோது புது அட்டை, புது எண், புது நாற்காலிகூடக் கொடுத்தார்கள். பழைய எண் எங்கேயோ செத்துப் போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். சாகவில்லை. இதோ, ஒரு மனுஷனின் தடை உத்தரவுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஒப்புகிறேன்’. அதற்குப் பக்கத்தில் பார்த்த நேரம், நான்கு வினாடி. பன்னிரண்டு நிமிட வீடியோவுக்கு நான்கு வினாடி. முதலில் நாற்பது என்று படித்தாள், கண்ணாடியைக் கழற்றிச் சுடிதார் நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். நான்குதான். ஷீபா வாசலிலிருந்து, இன்றைக்கு வத்தக்குழம்பு, சீக்கிரம் வா என்று கூப்பிட்டாள், இவள் கையை மட்டும் ஆட்டினாள்.

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில், மூன்றாவது மாடியில், முப்பத்தாறு வயதில் தான் செய்கிற வேலை என்னவென்று ரெஜினா தன் மாமியாருக்கு இதுவரை விளங்க வைத்ததில்லை. விளையாட்டில் கள்ளாட்டம் ஆடுகிறவர்களைப் பிடிக்கிற வேலை என்பாள். போலீஸா என்று கேட்பார் அவர். போலீஸ் இல்லை அத்தை, அம்பயர் மாதிரி. ‘மதில்’ என்று ஒரு ஆட்டம், போனில் ஆடுவது. நாலு பேர் கோட்டை மதிலைக் காப்பார்கள், நாலு பேர் உடைப்பார்கள், எட்டுப் பேரும் எட்டு ஊரில் இருப்பார்கள். எவனாவது கள்ளத்தனமாகக் கருவி வைத்து ஆடுகிறான் என்று இயந்திரத்துக்குச் சந்தேகம் வந்தால் அந்த ஆட்டத்தின் வீடியோ இங்கே வரும். முதல் ஆள் பார்த்துத் தடை போடுவார். அவர் பார்த்தது சரிதானா என்று இரண்டாவது ஆள் ஒருவர் முழுதாகப் பார்த்து ‘ஒப்புகிறேன்’ என்று அழுத்தினால்தான் தடை செல்லும். அதுதான் விளையாடுகிறவரின் உரிமை, ஒருவர் கண்ணை மட்டும் நம்பி எவரையும் வெளியே தள்ளக் கூடாது, இரண்டு ஜோடிக் கண் வேண்டும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. பயிற்சியின்போது பெங்களூரிலிருந்து வந்த மேலாளர் பத்மஜா மேடம் இதைச் சொன்னபோது ரெஜினாவுக்குச் சிலிர்த்ததுகூட. மூன்றாவது வாரமே பக்கத்து சீட்டுக்காரி சொல்லிக் கொடுத்துவிட்டாள், ஏன்க்கா இப்படி முழுசாப் பாக்கறீங்க, முதல் ஆளுதான் பாத்துட்டாங்களே, ஒப்புகிறேன் ஒப்புகிறேன்னு தட்டிட்டுப் போங்க, இல்லாட்டி ஒரு நாளைக்கு எண்பது எப்படி முடியும். முதல் ஆளாக இருக்கும்போது பார்ப்பது, இரண்டாவது ஆளாக இருக்கும்போது தட்டுவது. ஆபீஸ் முழுக்க அப்படித்தான். யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை, அவளும் நினைத்ததில்லை, இன்றைக்கு ஒன்று பத்துவரை.

தடை விழுந்தவர் ஒரே ஒரு தடவை மேல்முறையீடு செய்யலாம். அதைச் சம்பந்தமில்லாத மூன்றாவது ஆள் ஒருவர் விசாரிக்க வேண்டும். முன்பு தீர்ப்புச் சொன்னவர் கையில் அது போகாமல் சிஸ்டமே பார்த்துக்கொள்ளும். ஆனால் சிஸ்டத்துக்கு 4417 வேறு ஆள், இப்போதைய ரெஜினா வேறு ஆள். அப்படித்தான் வந்து விழுந்துவிட்டது, அவள் போட்ட முத்திரையை அவளே சரிபார்க்கும்படி. மேல்முறையீடு செய்திருப்பவர் மயில்சாமி, நாற்பத்தொரு வயது, திருப்பூர், ஆட்டத்தில் பெயர் ‘ஓவர்லாக் மயிலு’. ஏழு வாரமாக எழுதுகிறாராம், தப்பான பெட்டிக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார், நேற்றுத்தான் எவரோ சரியான இடத்தைக் காட்டியிருக்கிறார்கள். மூன்று மணிக்கு ஆடிக் கோப்பை அரையிறுதி. நாலு பேர் இல்லாவிட்டால் அணியே வெளியே. ஆட்கள் பட்டியல் இரண்டு மணிக்கு மூடுகிறது. இப்போது ஒன்று பதினாறு. விதிப்படி செய்ய வேண்டியது ஒரு சின்ன வேலைதான், இதை முன்பே பார்த்தவள் நான் என்று ஒரு வரி எழுதி வரிசைக்குத் திருப்பி அனுப்பிவிடலாம். வரிசையில் இன்றைக்கு ஆறு நாள் காத்திருப்பு. ஆறு நாள் கழித்து யாராவது ஒரு நல்லவர் அதைத் திறந்து பார்ப்பார், அதற்குள் கோப்பையை எவனோ வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்திருப்பான்.

கடிதத்தை அவள் இரண்டு தடவை படித்துவிட்டாள், இருந்தும் கண் தானாக அங்கேதான் போனது. ‘மேடம் அல்லது சார் அவர்களுக்கு, நான் பனியன் கம்பெனி டெய்லருங்க. பதினெட்டு வருசம் ஓவர்லாக் மிசின்ல இருந்தேன். ரெண்டு வருசத்துக்கு முன்ன காய்ச்சல் வந்து படுத்து எந்திரிச்சதுல இருந்து சோத்துக்கை நடுங்குதுங்க. மிசினை விட்டு எறக்கி செக்கிங் டேபிள்ல போட்டுட்டாங்க. கை போனாலும் காலு போகலைங்களே. பழைய மிசின் பெடலை என் மச்சான் போனுக்கு ஒயர் வெச்சுக் குடுத்தாரு. குறி பாக்கறது எடது கைக் கட்டை விரலுங்க, சுடறது காலுங்க. சோத்துக்கையைப் பலகைக்கு அடியில குடுத்து அமுக்கி வெச்சுக்குவேன். பெடல் என்னைக் கேக்காம ஒரு குண்டுகூடச் சுடாதுங்க. டீம்ல இருக்கற மூணு பேரும் என்ற கூட மிசின் ஓட்டுனவங்க.’ அவ்வளவுதான் கடிதம். அழுகை இல்லை, சாபம் இல்லை, வக்கீல் பேச்சு இல்லை. வழக்கமாக வருகிற மேல்முறையீடுகளில் முதல் வரியிலேயே உன் குடும்பம் நாசமாகப் போக என்று இருக்கும். அந்த மாதிரி இருந்திருந்தால் தேவலை என்று ஒரு கணம் தோன்றியது, தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

இன்றைக்கு அவள் வீடியோவை முழுதாகப் பார்த்தாள். பன்னிரண்டு நிமிடத்தையும், ஒரு நொடி விடாமல், கையைக் கன்னத்தில்கூட வைக்காமல். வீடியோவில் ஆள் தெரியமாட்டார், கை தெரியாது, கால் தெரியாது, மதிலும் புகையும் குறிபார்க்கிற அந்தச் சின்னச் சிவப்புப் புள்ளியும்தான் தெரியும். இயந்திரம் ஏன் சந்தேகப்பட்டது என்பது இரண்டாம் நிமிடத்திலேயே புரிந்துவிட்டது. விரலால் திரையைத் தட்டிச் சுடுகிறவர்களுக்குத் தட்டுகிற அந்தக் கணத்தில் குறி ஒரு மயிரிழை நகரும். எல்லோருக்கும் நகரும். இவருக்கு நகரவேயில்லை, முப்பத்தொரு குண்டுக்கும் கல் மாதிரி நின்றது. கருவி போட்டுச் சுடுகிறவனுக்குத்தான் அப்படி நிற்கும். ஆனால் சுடாமல் நடக்கிறபோது அந்தப் புள்ளி நடுங்கிக்கொண்டே இருந்தது, லேசாக, விடாமல், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறவளுடைய குடத்துத் தண்ணீர் மாதிரி. கருவிக்கு நடுக்கம் ஏது? நடுக்கம் நிற்கிறது, ஒரு மூச்சு, குண்டு, மறுபடி நடுக்கம். அந்த ஒரு மூச்சுக்குள் ஒரு மனுஷன் கையைப் பலகையில் அமுக்குகிறான் என்று அவளுக்குப் பட்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அடக் கடவுளே, இதைப் போய் நான்கு வினாடியில். விதி ஒன்பது சொல்வது என்ன, ஆடுகிறவருக்குப் பதிலாகக் குறிபார்க்கவோ சுடவோ எந்தக் கருவியும் கூடாது. பெடல் அவருக்குப் பதிலாகச் சுடவில்லை, அவர்தான் பெடலை வைத்துச் சுடுகிறார். அப்படியென்றால் மற்றவர்கள்? எதிர்ப் பக்கத்தில் நாலு பிள்ளைகள் விரலால் தட்டி, குறி நகர்ந்து, குண்டு தப்பிப் போகிறதே, அவர்களுக்கும் உரிமை உண்டே, அவர்களில் ஒருவன்தானே புகாரே கொடுத்திருக்கிறான். நகராத குறி அநியாயமான வசதி இல்லையா? வசதி என்றால், நடுங்குகிற கை? அதை எந்தத் தராசில் வைப்பது? யோசிக்க யோசிக்க அது இந்தப் பக்கம் ஒரு தடவை சாய்ந்தது, அந்தப் பக்கம் ஒரு தடவை சாய்ந்தது. கடைசியில் மயில்சாமி பக்கம்தான் நின்றது. நின்றதா, அவள் நிறுத்தினாளா? அங்கேதான் முள் மாட்டிக்கொண்டது.

ஏனென்றால் கணக்கு ரொம்பச் சுலபமாக முடிகிறது. தடையை நீக்கிவிட்டால் மயில்சாமி மூன்று மணிக்கு ஆடுவார், யாரும் எதையும் தோண்டமாட்டார்கள், 4417 அப்படியே மண்ணுக்குள் போய்விடும். நல்லது செய்வதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதும் ஒரே பொத்தானில் இருக்கிறது. அப்படி இருந்தால் அது நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? திருப்பி அனுப்பினால் விதி காப்பாற்றப்படும், மனுஷன் தெருவில் நிற்பார். அதோடு நான்கு வினாடி எல்லோர் கண்ணிலும் படும், நிரந்தரமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அப்படியானால் அவள் திருப்பி அனுப்பத் தயங்குவது மயில்சாமிக்காகவா, தனக்காகவா? இரண்டும் கலந்து கிடக்கிறது, அரிசியும் உளுந்தும் கொட்டிப் போன மாதிரி, எதைப் பொறுக்கி எதைத் தள்ளுவது. ஏசி வேறு இந்த சீட்டுக்கு நேராக அடிக்கும், புது நாற்காலி கொடுத்தவர்கள் இடத்தையும் பார்த்துக் கொடுத்திருக்கலாம். ஒன்று இருபத்தொன்பது. பத்மஜா மேடத்துக்கு ஆபீஸ் சாட்டில் எழுதினாள், எழுதி அழித்தாள், எழுதி அழித்தாள், கடைசியில் பொதுவாகக் கேட்கிற மாதிரி, முன்பு தீர்ப்புச் சொன்னவரிடமே மேல்முறையீடு வந்தால் என்ன செய்வது மேடம் என்று கேட்டாள். பதில் உடனே வந்தது, சிஸ்டம் அப்படி அனுப்பாதே, வந்தால் வரிசைக்குத் திருப்பிவிடு. அதற்குக் கீழே இன்னொன்று, ஏன், வந்திருக்கா? ரெஜினா ‘சும்மா கேட்டேன் மேடம்’ என்று தட்டிவிட்டாள். ஒரு சிரிப்புப் பொம்மைகூடப் போட்டாள். போட்ட பிறகுதான் உறைத்தது, இதுவரை செய்தது சோம்பேறித்தனம், இப்போது செய்தது பொய்.

‘ஒப்புகிறேன்’ தட்டிய அந்த நாளில் என்னதான் செய்துகொண்டிருந்தாள்? மே இருபத்தொன்பது, பதினொன்று நாற்பத்திரண்டு. ஏதாவது காரணம் இருந்திருக்கும், பாப்பாவுக்குக் காய்ச்சலாக இருந்திருக்கும், தலைவலியாக இருந்திருக்கும், ஒரு தலைவலி கிடைத்தால்கூடப் போதும். போனை எடுத்து வாட்ஸப்பைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள், ஜூலை, ஜூன், பள்ளிக்கூடக் குழு, பால்காரர், மே. பதினொன்று நாற்பத்தொன்றுக்கு அக்கா ஸ்டெல்லா இரண்டு ஜாக்கெட் துணியின் படம் அனுப்பியிருந்தாள். பதினொன்று நாற்பத்திரண்டுக்கு ரெஜினா பதில் எழுதியிருந்தாள், மாம்பழக் கலர் எடு, அந்தப் பச்சை உனக்கு எடுக்காது. அவ்வளவுதான் காரணம். காய்ச்சலும் இல்லை தலைவலியும் இல்லை, மாம்பழக் கலர். ஏழு வாரம் ஒரு மனுஷன் தப்பான பெட்டிக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார், மாம்பழக் கலருக்காக. திடீரென்று வனஜா ஞாபகம் வந்தாள், எதற்கு வந்தாள் என்று தெரியவில்லை, இருபத்தைந்து வருஷமாக வராதவள். ஆறாம் வகுப்பில் ரெஜினாதான் லீடர். டீச்சர் வெளியே போனால் பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுத வேண்டும். வனஜா வாயை மூடவே மாட்டாள், அதனால் அவள் பெயரைத் திரும்பிப் பார்க்காமலேயே முதலில் எழுதிவிடுவது வழக்கம். அன்றைக்கு வனஜா பேசவேயில்லையாம். அவள் அம்மாவுக்கு ஆபரேஷன், மனசுக்குள் மந்திரம் மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாளாம், உதடு மட்டும் அசைந்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே நாலு அடி. வனஜா அழவில்லை, நான் பேசலை டீச்சர் என்றும் சொல்லவில்லை, ரெஜினாவை மட்டும் பார்த்தாள். திரும்பிப் பார்த்திருந்தாலாவது உதடு அசைந்ததே என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். சுண்ணாம்புக்கட்டித் தூள் உள்ளங்கை வேர்வையில் பிசுபிசுத்தது இப்போதும் இருக்கிற மாதிரி இருந்தது, ரெஜினா கையைச் சுடிதாரில் துடைத்தாள்.

ஒன்று முப்பத்தெட்டு. ஒன்று முப்பத்தொன்பது. இது எத்தனையாவது முறை என்று கேள்வி வந்தது. ஒரு நாளைக்கு எண்பதில் பாதி இரண்டாவது ஆள் வேலை, மாதத்துக்கு இருபத்தைந்து நாள், அப்படிக் காண்ட்ராக்டில் பதினான்கு மாதம். பெருக்கிப் பார்க்கக் கூடாது என்று மனசை இழுத்துப் பிடித்தாள். பெருக்கினால் இந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே முடியாது. இப்போது ஒருவர், ஒரே ஒருவர், இரண்டு மணி. தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். கேன்டீன் பக்கமிருந்து யாரோ சிரிக்கிற சத்தம், தட்டு விழுகிற சத்தம். ஷீபா என்ன செய்வாள் இந்த இடத்தில்? நீக்கிவிட்டு வத்தக்குழம்புக்குப் போயிருப்பாள், அதில் என்ன தப்பு, நல்லதுதானே நடந்தது என்பாள், அவள் சொன்னால் நியாயமாகக்கூட இருக்கும். அப்போதுதான் அந்தக் காரணப் பெட்டி கண்ணில் பட்டது. விதிகளுக்குப் பின்னால் விளையாடுகிறவரின் உரிமைகள் என்று ஆறு இருக்கின்றன, அதில் மூன்றாவது, எந்தத் தீர்ப்புக்கும் காரணத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை. அதற்காக ஒரு பெட்டி. அதில் எவரும் எழுதுவதில்லை, தயாராக இருக்கிற நாலு வாக்கியத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதுவே போய் உட்கார்ந்துகொள்ளும், ‘இரண்டு பரிசீலகர்கள் முழுமையாக ஆராய்ந்ததில்’ என்று தொடங்கும். மயில்சாமிக்கு மே மாதம் போன கடிதத்திலும் அதே வரிதான் இருந்தது. முழுமையாக ஆராய்ந்ததில்.

தடையை நீக்கினாள். முதலில் அதைத்தான் செய்தாள், மணி ஒன்று நாற்பத்தாறு, திருப்பி அனுப்பவில்லை, விதியை மீறினாள், தெரிந்தே மீறினாள். பிறகு பெட்டியில் தயார் வாக்கியத்தை அழித்துவிட்டுச் சொந்தமாக எழுத ஆரம்பித்தாள். பெடல் உங்களுக்குப் பதிலாக ஆடவில்லை, உங்கள் கால் ஆடுகிறது, விதி ஒன்பதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். எழுதிவிட்டு நிறுத்தினாள். இங்கேயே அனுப்பிவிட்டால் என்ன? அழகாகத்தானே இருக்கிறது. பொத்தான்மேல் விரல் போய்த் திரும்பி வந்தது. உங்கள் தடையை மே மாதம் உறுதிசெய்த இரண்டாவது ஆள் உங்கள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. நான்கு வினாடிதான் திறந்து வைத்திருந்தார். அது நான்தான். உங்கள் மேல்முறையீட்டை நான் விசாரித்திருக்கவே கூடாது, ஆனால் திருப்பி அனுப்பினால் இன்று நீங்கள் ஆட முடியாது. இந்தக் கடிதத்தின் நகல் என் மேலாளருக்கும் போகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். ரெஜினா. பெயர் போடுகிற வழக்கமே கிடையாது, எண்தான் போட வேண்டும். இரண்டு எண்ணையும் போட்டாள், பெயரையும் விட்டுவைத்தாள். அனுப்பினாள். சுளுக்கெடுத்த மாதிரி உடம்பு ஒரு கணம் லேசானது. சம்பளத்தில் கை வைப்பார்களா, பழையபடி காண்ட்ராக்டா, வீட்டுக்கே போ என்பார்களா. பத்மஜா மேடம் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, இன்னும் படிக்கவில்லை.

தீர்ப்பு மாறியதிலிருந்து பத்து நிமிடம் அந்தப் பெட்டி திறந்திருக்கும், விளையாடுகிறவர் ஏதாவது கேட்கலாம், அது நான்காவது உரிமை. ஒன்று ஐம்பத்திரண்டுக்கு மயில்சாமி எழுதினார். ரொம்ப சந்தோசம், பட்டியலில் பெயர் ஏறிவிட்டது, டீமில் மற்ற மூன்று பேரும் கம்பெனி வாசலிலேயே நிற்கிறார்கள், லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டார்களாம். பார்க்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு மனசு வந்ததே, எங்கள் சூப்பர்வைசர் இத்தனை வருசத்தில் ஒரு தடவை அப்படிச் சொன்னதில்லை. ரெஜினா சிரித்துவிட்டாள், வாய்விட்டே சிரித்துவிட்டாள், காலையிலிருந்து இதுதான் முதல் சிரிப்பு. அதற்குக் கீழே இன்னொன்று வந்தது.

‘ஒண்ணு மட்டும் கேக்கலாமுங்களா மேடம். அந்த மொத ஆளு பாத்தாருங்களா?’

முதல் ஆள். இத்தனை நேரம் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. தன் எண்ணைப் பார்த்துத் தன் பயத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தவளுக்கு இன்னொருவர் இருந்தார் என்பதே மறந்துவிட்டது. முதல் ஆளின் விவரம் மடித்து வைத்திருக்கும், தட்டினால்தான் விரியும். தட்டுவதற்குள் அவள் மனசு வேண்டிக்கொண்டது, அதுவும் மூன்று வினாடியாக இருக்கட்டும், ஐந்தாக இருக்கட்டும், இயந்திரம் சொன்னதை நம்பி அவரும் தட்டியிருக்கட்டும். அப்படியிருந்தால் மயில்சாமிக்குச் சொல்லிவிடலாம், பார்த்திருந்தால் உங்களுக்கு இப்படி ஆகியிருக்காது என்று. தட்டினாள். எண் யாருடையதென்று தெரியவில்லை. பார்த்த நேரம், இருபத்தாறு நிமிடம் பத்து வினாடி. பன்னிரண்டு நிமிட வீடியோவை நிறுத்தி, பின்னால் ஓட்டி, நடுக்கம் நின்று குண்டு போகிற இடங்களை ஏழு தடவை மெதுவாக ஓட்டி. அவருக்கு மயில்சாமியின் கடிதம் வந்திருக்காது, சிவப்புப் புள்ளி மட்டும்தான். குறிப்பில் ஒரே வரி, ‘ஐயமில்லை, கருவி’. அவ்வளவு கவனமாக இந்த ஆபீஸில் யாரும் பார்த்து அவள் அறிந்ததில்லை. அவள் கண்ணில் நீர் வரவழைத்த அதே நடுக்கத்தைத்தான் அவரும் பார்த்திருக்கிறார். மறைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது, ஆனால் காரணத்தைத் தெரிந்துகொள்வது மயில்சாமியின் உரிமை. ‘பார்த்தார், முழுவதும் பார்த்தார்’ என்று எழுதி அனுப்பினாள். மணி ஒன்று ஐம்பத்தைந்து. அந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருப்பதாகப் புள்ளிகள் ஓடின, நின்றன, மறுபடி ஓடின.

‘பாத்துமா தடை போட்டாருங்க?’

கேன்டீனிலிருந்து ஆட்கள் திரும்பி வரத் தொடங்கியிருந்தார்கள். ரெஜினா விசைப்பலகைமேல் இரண்டு கையையும் வைத்தாள், பெட்டி மூட இன்னும் ஒரு நிமிடம் இருந்தது.